ரப்பர் பாலை வைத்து ஓர் அறிவியல் விழா ஆய்வு: தோட்டப்புற மாணவர்களுக்கான வழிகாட்டி

அறிவியல் விழா அறிவிப்பு வந்ததும் பல மாணவர்கள் யூடியூப்பில் எரிமலையையும் எலுமிச்சை மின்கலத்தையும் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அவை செய்துகாட்டல்கள், ஆய்வுகள் அல்ல. என்ன நடக்கும் என்பது செய்பவருக்கும் தெரியும், பார்க்கும் நடுவருக்கும் தெரியும். ஆய்வு என்றால் விடை தெரியாத ஒரு கேள்வி இருக்க வேண்டும். அந்த விடையை எண்ணால் அளக்கவும் முடிய வேண்டும். இவை இரண்டும் அமைந்துவிட்டால், பொருள் எவ்வளவு எளியதாக இருந்தாலும் ஆய்வு நிலைத்து நிற்கும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட், பீடோங், பகாவ் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் படிக்கும் மாணவர்களுக்கு இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. மூடுபயிர் படர்ந்த மண்ணில் தண்ணீர் வேகமாக இறங்குமா, வெறும் மண்ணிலா? அடியும் முடியும் வெட்டிய ஒரு பால்மாவு டின்னை மண்ணில் 5 சென்டிமீட்டர் அழுத்தி, 500 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, அது முழுக்க இறங்கும் நேரத்தைக் குறித்தால் விடை கிடைத்துவிடும். வெட்டு நிறுத்திய மரங்களில் கவிழ்க்காமல் விட்ட மங்குகளில் (பால் வடியக் கட்டும் கிண்ணங்களில்) கொசுப்புழு எத்தனை நாளில் தோன்றுகிறது? டிங்கிப் பயம் உள்ள ஊரில் இதுவும் அருமையான கேள்வி. ஆனால் பாக்டீரியாவையோ பூஞ்சையையோ வீட்டில் வளர்க்கும் ஆய்வை மட்டும் எடுக்காதீர்கள். அனைத்துலகப் போட்டிகளின் பாதுகாப்பு விதிகளே வீட்டில் பாக்டீரியா வளர்ப்பதை அனுமதிப்பதில்லை.

இங்கே ஒரே ஓர் ஆய்வைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எடுத்துக்கொள்வோம். கேள்வி இதுதான்: அமிலத்தின் செறிவு மாறினால் ரப்பர் பால் உறையும் நேரம் எப்படி மாறுகிறது? படிவம் 5 வேதியியலில் பால் உறைதல் ஒரு பாடம். பாடப்புத்தகம் "அமிலம் சேர்த்தால் உறையும்" என்று சொல்கிறது. எவ்வளவு அமிலத்துக்கு எவ்வளவு நேரம் என்பதை நீங்கள்தான் அளந்து சொல்லவேண்டும்.

அளப்பதற்கு முன் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பாலில் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் நீரில் மிதக்கின்றன. ஒவ்வொரு துகளையும் ஒரு புரதப் படலம் சுற்றியிருக்கிறது, அந்தப் படலத்துக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. ஒரே மின்னூட்டம் என்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் பால் பாலாக இருக்கிறது. அமிலம் ஊற்றினால் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்துவிடுகின்றன. துகள்கள் மோதுகின்றன, படலம் உடைகிறது, உள்ளிருக்கும் ரப்பர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பாலின் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) ஏறக்குறைய 5-க்குக் கீழே இறங்கும்போது இது நடக்கிறது.

ஸ்டோரில் (தோட்டத்தில் பாலைச் சேர்த்துப் பதப்படுத்தும் இடத்தில்) பாலுக்கு அமோனியா ஊற்றுவது இதற்கு நேர் எதிரான வேலை. அமோனியா பாலைக் காரத்தன்மையில் வைத்து, பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தையும் சமன்செய்துவிடும். இதை மறந்தவர்களின் ஆய்வுதான் பெரும்பாலும் பாழாகிறது. அமோனியா கலந்த பாலை வாங்கிவந்து, "வினிகர் வேலை செய்யவில்லை" என்று முடிவு எழுதிவிடுவார்கள். வேலை செய்யாதது வினிகர் அல்ல. ஊற்றிய அமிலத்தை அமோனியா தின்றுவிட்டது.

இந்த விளக்கத்திலிருந்து கருதுகோள் தானாகவே வரும்: அமிலத்தின் செறிவு கூடினால் பால் உறையும் நேரம் குறையும். தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகளை இங்கே பொருத்திப் பாருங்கள். தற்சார்பு மாறி அமிலத்தின் செறிவு. சார்பு மாறி உறையும் நேரம். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகளின் பட்டியல் நீளம்: பாலின் அளவு, பால் எடுத்த நேரமும் மரமும், சேர்த்த நீரின் அளவு, அமிலக் கரைசலின் கன அளவு, வெப்பநிலை, கலக்கிய விதம், கிண்ணத்தின் வடிவம். நடுவர் எந்த ஒன்றைச் சுட்டினாலும் "அதை இப்படிச் சமமாக வைத்தோம்" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அனுமதியும் பாலும்

மரம் யாருடையதோ அவரிடம் கேட்காமல் ஒரு மங்குப் பாலையும் எடுக்கக்கூடாது. தோட்டமாக இருந்தால் ஆசிரியர் கையெழுத்திட்ட கடிதத்தோடு அலுவலகத்துக்குப் போங்கள். சின்னத் தோட்டக்காரராக இருந்தால் அம்மாவோ அப்பாவோ கூடவந்து நேரில் கேட்பது நல்லது. பால் வெட்டும் அக்காவிடமோ அண்ணனிடமோ முதல்நாளே சொல்லிவையுங்கள். அவர்களுக்கு அது சம்பளத்தில் எடை போடும் பால் என்பதை மறக்கவேண்டாம். எடுத்த பாலுக்குக் காசு கொடுக்க முன்வருவது முறை.

அரை லிட்டர் பால் வேண்டும். ஒரே மரத்தில் அவ்வளவு கிடைக்காது, நான்கைந்து மங்குகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். அதுவும் நல்லதற்குத்தான். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலந்து, பிறகு கிண்ணங்களுக்குப் பிரித்தால் மரத்துக்கு மரம் உள்ள வேறுபாடு ஆய்வுக்குள் நுழையாது. ஒரு கிண்ணத்துக்கு ஒரு மரம் என்று பிரித்தால், நேரம் மாறியது அமிலத்தாலா மரத்தாலா என்று யாராலும் சொல்லமுடியாது.

விடியுமுன் வெட்டிய பாலைக் காலை 10 மணிவாக்கில் மங்கிலிருந்து எடுப்பார்கள். அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். மதியம்வரை மங்கில் கிடந்த பாலில் பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கத் தொடங்கியிருக்கும், பால் பாதி உறைந்தே உங்கள் கைக்கு வரும். மழை பெய்த காலையில் எடுக்காதீர்கள், மரத்தில் வழிந்த நீர் மங்கில் கலந்திருக்கும். மரம் இலையுதிர்க்கும் மாதங்களிலும் பால் குறைவு, எனவே அந்தக் காலத்தில் சோதனை நாளை வைக்காதீர்கள். மூடியுள்ள போத்தலில் ஊற்றி, பனிக்கட்டி போட்ட வாளிக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். ஃபிரீசரில் மட்டும் வைக்கவேண்டாம், பனியாகி உருகும் பால் அமிலம் இல்லாமலேயே கட்டிதட்டிவிடும்.

தேவையான பொருள்கள்

ஒளி ஊடுருவும் ஒரே அளவுப் பிளாஸ்டிக் கிண்ணங்கள் 18. மருந்தகத்தில் கிடைக்கும் ஊசி இல்லாத சிரிஞ்சுகள்: பாலுக்கு 20 மில்லிலிட்டர் ஒன்று, நீருக்கு அதேபோல் ஒன்று, அமிலத்துக்கு 5 அல்லது 10 மில்லிலிட்டரில் ஒன்று. மூன்றையும் மாற்றிப் பயன்படுத்தவே கூடாது. அமிலம் தொட்ட சிரிஞ்சில் பாலை இழுத்தால் பால் உள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். ஐஸ்கிரீம் குச்சிகள் 18, வெப்பமானி, பிஎச் தாள், பால் வடிகட்ட நைலான் துணி, 0.01 கிராம்வரை காட்டும் தராசு. சமையலறைத் தராசு போதாது, பள்ளி ஆய்வுக்கூடத்தில் கேளுங்கள். நைட்ரில் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு லேட்டக்ஸ் கையுறை ஆகாது. பழைய சட்டை அணியுங்கள், காய்ந்த பால்கறை போகவே போகாது.

அமிலத்துக்கு மளிகைக் கடை வினிகரே போதும். போத்தலில் அசெட்டிக் அமிலம் எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். இங்கே 5 விழுக்காடு என்று கொள்வோம். ஸ்டோரில் வைத்திருக்கும் ஃபார்மிக் அமிலம் பக்கமே போகவேண்டாம். அது அடர்த்தியானது, தோலில் பட்டால் புண்ணாக்கும், ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும்.

வினிகரை ஆறு செறிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 50 மில்லிலிட்டராகத் தயாரியுங்கள்:

5 விழுக்காடு: வினிகர் 50, நீர் இல்லை
4 விழுக்காடு: வினிகர் 40, நீர் 10
3 விழுக்காடு: வினிகர் 30, நீர் 20
2 விழுக்காடு: வினிகர் 20, நீர் 30
1 விழுக்காடு: வினிகர் 10, நீர் 40
0 விழுக்காடு: நீர் 50 மட்டும்

கடைசியில் உள்ளதுதான் ஒப்பீட்டுக் கிண்ணம். அது இல்லாமல், உறைந்தது அமிலத்தால்தான் என்று நிறுவ வழியில்லை. குழாய்நீரைத் தவிர்த்துக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள்.

சோதனை நாள்

அதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடுங்கள். 5 விழுக்காட்டிலும் 1 விழுக்காட்டிலும் ஒவ்வொரு கிண்ணம் போதும். 5 விழுக்காட்டுக் கிண்ணம் கலக்கி முடிக்கும் முன்பே உறைந்துவிட்டால் உங்களால் நேரம் அளக்கமுடியாது. அப்போது எல்லாச் செறிவுகளையும் பாதியாக்குங்கள். 1 விழுக்காட்டுக் கிண்ணம் பல மணிநேரம் இழுக்கலாம், அதனால் பால் கிடைத்த காலையிலேயே சோதனையைத் தொடங்கிவிடுங்கள்.

பாலை வடிகட்டி அறை வெப்பநிலைக்கு வரும்வரை வையுங்கள். 18 கிண்ணங்களிலும் பால் 20 மில்லிலிட்டர், நீர் 20 மில்லிலிட்டர் ஊற்றிக் கலக்கி மூடிவையுங்கள். ஸ்டோரில் ஷீட் (ரப்பர்த் தகடு) அடிப்பதற்கு முன்பும் பாலில் நீர் சேர்ப்பார்கள். நேரடிப் பால் மிகத் திண்ணமாக இருப்பதால் அமிலம் பரவுவதற்குள் ஊற்றிய இடம் மட்டும் கட்டியாகிவிடும்.

இனி வரிசையைக் கவனியுங்கள். முதலில் 5 விழுக்காடு மூன்று கிண்ணம், அடுத்து 4 விழுக்காடு மூன்று என்று போவதுதான் எல்லாருக்கும் தோன்றும். அது தவறு. கடைசிக் கிண்ணங்களுக்கு வரும்போது பால் அரை மணிநேரத்துக்கும் மேல் பழையதாகியிருக்கும், செறிவும் பாலின் வயதும் ஒன்றாகக் கலந்து மாறிவிடும். ஒரு சுற்றில் ஆறு செறிவுக்கும் ஒவ்வொரு கிண்ணம், அப்படி மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள். கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் 2 நிமிடம் இடைவெளி விடுங்கள்.

ஒரு கிண்ணத்துக்குச் செய்யவேண்டியது இவ்வளவுதான்: அமிலக் கரைசல் 5 மில்லிலிட்டரை ஒரே சீராக ஊற்றி, குச்சியால் 10 முறை வட்டமாகக் கலக்கி, கைப்பேசியின் நேரங்காட்டியைத் தட்டி, குச்சியை எடுத்துவிடுங்கள். அதன்பின் கலக்கவே கூடாது. கிளறிக்கொண்டே இருந்தால் துகள்கள் அதிகமாக மோதி, உறைதல் செயற்கையாக வேகமெடுக்கும்.

எப்போது "உறைந்தது" என்று சொல்வது? இந்த ஆய்வின் உயிர்நாடி இதுதான். பால் ஒரே நொடியில் கட்டியாவதில்லை. முதலில் மேற்பரப்பின் பளபளப்பு மங்கும். பிறகு குச்சியில் தொட்டால் சிறுசிறு மணிகள் ஒட்டும். அதன்பின் தயிர்போல் அசைந்து, கடைசியில் ஒரே கட்டியாகிக் கிண்ணத்தின் ஓரத்திலிருந்து சற்றே விலகி நிற்கும், இடுக்கில் நீர் தெரியும். இவற்றில் எந்தக் கட்டம் உங்கள் முடிவுப்புள்ளி என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவையுங்கள். நாங்கள் பரிந்துரைப்பது: கிண்ணத்தை 45 பாகை சாய்த்தால் மேற்பரப்பு வழியாமல் நிற்பது. அட்டையில் 45 பாகை முக்கோணம் வெட்டி மேசையில் வைத்துக்கொண்டால் சாய்வு எப்போதும் ஒன்றாக இருக்கும். 18 கிண்ணங்களையும் ஒரே ஆள் பார்க்கவேண்டும். ஒருவர் பார்க்க, ஒருவர் நேரம் சொல்ல, ஒருவர் எழுத என்று மூவர் குழு இதற்குச் சரியாக இருக்கும்.

முதல் 10 நிமிடங்களுக்கு 30 நொடிக்கு ஒருமுறை பாருங்கள், அதன்பின் உறையாத கிண்ணங்களை 5 நிமிடத்துக்கு ஒருமுறை. பார்க்கும் இடைவெளிதான் உங்கள் அளவீட்டின் துல்லிய எல்லை. 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டு "42 நிமிடம் 17 நொடி" என்று எழுதமுடியாது. ஒவ்வொரு கிண்ணத்திலும் அமிலம் சேர்த்த உடனே பிஎச் தாளை நனைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தாளில் ஒட்டும் பாலை உடனே நீரில் அலசினால்தான் நிறம் தெரியும்.

அமிலமே இல்லாத கிண்ணமும் இரவுக்குள் கட்டிதட்டலாம். பதறவேண்டாம். பாக்டீரியா உண்டாக்கிய அமிலத்தால் அது உறைகிறது, மங்கில் கட்டிப்பால் உண்டாவதும் இப்படித்தான். "6 மணிநேரத்துக்குள் உறையவில்லை" என்று நீங்கள் கவனித்த கால எல்லையோடு எழுதுங்கள். அதன் நேரத்தை 0 என்றோ முடிவிலி என்றோ போடாதீர்கள்.

காய்ந்த ரப்பரின் எடை

நேரம் முடிந்ததும் கிண்ணத்தைக் கழுவிப்போட்டுவிடாதீர்கள், பாதி ஆய்வு அதில்தான் இருக்கிறது. மறுநாள் ஒவ்வொரு கட்டியையும் எடுத்து, மிச்ச நீர் தெளிவா கலங்கலா என்று நோட்டில் குறித்துவிட்டு, கட்டியைக் கண்ணாடிப் போத்தலால் உருட்டி 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிப்புக்குத் தட்டையாக்கி, நீரில் அலசி, எண் எழுதிய அட்டையோடு நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் மேற்பரப்பு பிசுபிசுக்கத் தொடங்கும். தடிப்பாக விட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். வெள்ளை நிறம் போய் உள்வரை மஞ்சளாக ஒளி ஊடுருவும்போது காய்ந்துவிட்டது என்று பொருள். அடுத்தடுத்து இரண்டு நாள் எடைபோட்டு எண் மாறாவிட்டால் அதுவே காய்ந்த எடை. பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர் என்பதால் 20 மில்லிலிட்டருக்கு 6, 7 கிராம் எதிர்பார்க்கலாம்.

அமிலம் கூடினால் ரப்பரும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். முழுமையாக உறைந்த கிண்ணங்களில் எடை ஏறக்குறைய ஒன்றாகவே வரவேண்டும். அமிலம் நேரத்தை மாற்றுகிறது, பாலில் இருக்கும் ரப்பரை அது உண்டாக்குவதில்லை. எடை குறைந்த கிண்ணம் இருந்தால் மிச்ச நீரைப் பற்றி நோட்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்த நீர் தெளிவாக இருந்தால் உறைதல் முழுமை. வெண்மையாகக் கலங்கியிருந்தால் ரப்பர் இன்னும் நீரிலேயே இருக்கிறது. "வேறுபாடு இல்லை" என்று வருவதும் முடிவுதான், அதை மறைக்காமல் எழுதுங்கள்.

தரவுகளைக் கையாளுதல்

எல்லா நேரத்தையும் முதலில் நொடிக்கு மாற்றுங்கள். 4 நிமிடம் 10 நொடியை 4.10 என்று எழுதிச் சராசரி போடுவது ஒவ்வோர் ஆண்டும் பார்க்கும் பிழை. அது 250 நொடி, 4.17 நிமிடம். எடுத்துக்காட்டுக்கு, மூன்று கிண்ணங்களில் 250, 270, 410 நொடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 310. ஆனால் மூன்றில் எதுவும் 310-க்கு அருகில் இல்லை. 410 வந்த கிண்ணத்தில் என்ன நடந்தது என்று நோட்டைப் பாருங்கள். அமிலம் முழுக்க இறங்காமல் சிரிஞ்சில் நின்றதா? கலக்கியது குறைந்ததா? காரணம் நோட்டில் இருந்தால் அந்தக் கிண்ணத்தை நீக்கி, நீக்கிய காரணத்தையும் அறிக்கையில் சொல்லலாம். காரணம் இல்லாவிட்டால் எண் அப்படியே இருக்கட்டும். பிடிக்காத எண்ணை அழிப்பது ஆய்வையே அழிப்பது.

நோட்டுப் புத்தகத்தில் பேனாவால், அன்றே, தேதியோடு எழுதுங்கள். தவறினால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள், வெள்ளை மை வேண்டாம். பால்கறை படிந்த நோட்டை அழகாகப் படியெடுத்துக் கொண்டுபோகவும் வேண்டாம். நடுவர்கள் விரும்பிப் பார்ப்பது அந்தக் கறை படிந்ததைத்தான்.

வரைபடத்தில் கிடை அச்சில் செறிவு, நெடு அச்சில் நேரம். செறிவு தொடர்ச்சியான அளவு என்பதால் பட்டைக் குறிவரைவு பொருந்தாது. மூன்று கிண்ணங்களையும் மூன்று புள்ளிகளாகவே இட்டு, நடுவே ஒரு வளைகோட்டை இழுங்கள். அது நேர்கோடாக வராமல், குறைந்த செறிவில் செங்குத்தாக இறங்கிப் பிறகு தட்டையாகத்தான் பெரும்பாலும் வரும். அதைக் கட்டாயப்படுத்தி நேர்க்கோடாக்க வேண்டாம்.

பலகையும் நடுவரும்

மூன்று மடிப்பு அட்டைப் பலகையில் இடப்பக்கம் கேள்வியும் கருதுகோளும், நடுவில் வரைபடமும் படங்களும், வலப்பக்கம் முடிவும் குறைகளும். நடுப்பகுதிதான் தூரத்திலிருந்து கண்ணில் படும், வரைபடத்தைப் பெரிதாகப் போடுங்கள். பின்னணிக்கு நான்கு வரி போதும். 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன என்பது பேராக் மாணவர்களுக்குப் பொருத்தமான வரி. சுங்கை சிப்புட் அதே மாவட்டம்தான். காய்ந்த 18 ரப்பர்த் துண்டுகளையும் எண்ணோடு பலகையில் மாட்டுங்கள். பாலையும் அமிலத்தையும் மண்டபத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், நாற்றமும் ஆபத்தும் மட்டுமே மிஞ்சும்.

அறிக்கை மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம், ஆனால் குழுவில் மூவரும் மூன்று பகுதியையும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். "நான் நேரம் மட்டும்தான் குறித்தேன்" என்ற பதில் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஏன் 5 மில்லிலிட்டர்? ஏன் மூன்று கிண்ணம்? உறைந்ததை எப்படி முடிவுசெய்தீர்கள்? இவை நிச்சயம் வரும். "அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நேரமும் குறைந்துகொண்டே போகுமா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் தரவு 5 விழுக்காடு வினிகர்வரை மட்டுமே பேசும். வலுவான அமிலம் அளவுக்கு மீறி வேகமாகச் சேர்ந்தால் துகள்களின் மின்னூட்டம் சமன் ஆவதைத் தாண்டி நேர்மின்னூட்டமாக மாறி, அவை மறுபடியும் ஒன்றையொன்று விலக்கக்கூடும். இதைச் சொல்லத் தெரிந்த மாணவர் பாடத்தைத் தாண்டிப் படித்திருக்கிறார் என்பது நடுவருக்கு உடனே விளங்கும்.

மிஞ்சிய பாலைத் தொட்டியில் ஊற்றவேண்டாம், குழாய்க்குள் உறைந்து அடைத்துவிடும். வினிகர் ஊற்றி உறையவைத்துக் கட்டியாகக் குப்பையில் போடுங்கள், அல்லது பால் கொடுத்தவரிடமே கட்டிப்பாலாகத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த நிலைப் போட்டிக்குத் தேர்வானால் முதல் வேலை, இன்னொரு நாள் எடுத்த புதுப் பாலில் 18 கிண்ணங்களையும் மீண்டும் செய்வது. பால் நாளுக்கு நாள் மாறும். இரண்டு நாள் புள்ளிகளையும் ஒரே வரைபடத்தில் இரு நிறங்களில் இட்டுக்காட்டுங்கள்.